ஆள் மாற்றும் அறை

அரண்மனை வாசலில் பஸ் நின்றபோது அவள் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். மகள் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவள் சட்டென்று நிமிர்ந்து, கண்ணைத் திறப்பதற்கு முன்பே, "எந்த பெட்?" என்று கேட்டாள்.

முன் சீட்டில் இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

"ராஜா கட்டிலக் காட்டலாம்னு கூட்டிட்டு வந்தா இவ ஆஸ்பத்திரிக் கட்டிலத் தேடறா," என்று கணவனும் அந்தச் சிரிப்பில் சேர்ந்துகொண்டான்.

அவள் நர்ஸ். பத்தொன்பது வருட வேலையில் பாதிக்கு மேல் இரவு. காலையில் வார்டை விட்டு வீட்டுக்குப் போனால் அங்கே மாமனார். பக்கவாதம் வந்து மூன்று வருடமாகப் படுக்கை. இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் போட வேண்டும், துடைக்க வேண்டும், மூக்குக் குழாய் வழியாகப் பால் விட வேண்டும். "உனக்குத்தான் கை பழக்கம்" என்பான் கணவன். அந்த ஒரே வாக்கியத்தை வைத்துக்கொண்டு மூன்று வருடத்தை ஓட்டிவிட்டான். கெட்டவன் என்று சொல்ல முடியாது. குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான், நாலு பேருக்கு நடுவில் நன்றாகச் சிரிக்கச் சிரிக்கப் பேசுவான். நோயாளியின் அறைக்குள் மட்டும் கால் வைக்க மாட்டான்.

பதினொரு வயது மகள் வைப்பாள். பள்ளிக்கூடப் பையை இறக்கியதும் தாத்தாவின் முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுக்க ஓடி வருவாள். படுக்கைப் புண் எப்படித் தொடங்கும், என்ன நிறத்தில் இருக்கும் என்று அந்தப் பிஞ்சுக்குத் தெரியும். அம்மாவின் நெஞ்சை அறுப்பது அது ஒன்றுதான். தன்னைப் பற்றி அவள் வருத்தப்பட்டுப் பல வருடம் ஆகிவிட்டது. இந்தப் பெண்ணுக்கு இது வேண்டாம் என்பதை மட்டும் ஒவ்வொரு நாளும் நினைத்துக்கொள்வாள்.

ஏழு மாதத்துக்குப் பிறகு கிடைத்த இரண்டு நாள் விடுப்பு இது. மாமனாரை நாத்தனார் வீட்டில் விட்டிருந்தார்கள். வரும் வழியிலேயே நாத்தனார் நான்கு முறை போன் செய்துவிட்டாள். நான்கு முறையும் கணவன் போனை எடுத்து, பெயரைப் பார்த்து, பேசாமல் அவள் மடியில் வைத்தான்.

பஸ்ஸில் வந்த முப்பது பேரும் கைடுக்குப் பின்னால் போனார்கள். ஒல்லியான மனிதர், கக்கத்தில் மடக்கிய குடை, தொண்டை கட்டிய குரல். "அஞ்சரைக்குக் கதவு சாத்திடுவாங்க. அதுக்கு முன்ன, அஞ்சே காலுக்கு வண்டி கிளம்பும். தொலைஞ்சு போறவங்க தயவுசெஞ்சு இப்பவே சொல்லிடுங்க, நான் தேடற வேலை மிச்சம்."

முற்றத்துக் கல் வெயிலில் காய்ந்து செருப்பைத் தாண்டிச் சுட்டது. தர்பார் மண்டபம், பல்லக்குக் கூடம், கண்ணாடி மாளிகை என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போய்க்கொண்டே இருந்தார்கள். எல்லோரும் தலையைத் தூக்கிக் கூரைச் சித்திரத்தைப் பார்த்தார்கள். அவள் மட்டும் தலையைக் குனிந்து உட்கார ஓர் இடம் தேடினாள். இருநூறு தூண் இருந்தது, நாற்பது கதவு இருந்தது, ஒரு பெஞ்சு இல்லை. இந்த வீட்டில் உட்கார்ந்தவன் ஒருத்தன்தான் போலிருக்கிறது, மற்றவர்கள் எல்லாம் பரம்பரை பரம்பரையாக நின்றே செத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

கடைசிக் கட்டு வந்தபோது மணி நாலே முக்கால். நீண்ட நடை. ஒரு பக்கம் கல் ஜாலி வைத்த ஜன்னல்கள். அந்தத் துளைகள் வழியே விழுந்த வெயில் தரையில் பொட்டுப் பொட்டாகக் கிடந்தது. நடையின் முடிவில் ஓர் அறை. அறைக்குள் அந்த வெயிலும் வரவில்லை.

"இது நோயறை," என்றார் கைடு. வாசலிலேயே நின்றுகொண்டார். "குதிரையிலேருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழ உணர்ச்சி போயி, இந்தக் கட்டில்ல ஒன்பது வருஷம் கிடந்தார் ராஜா. பக்கத்துல எப்பவும் ஒரு ஆள் முழிச்சிட்டு நிக்கணும். உக்காரக் கூடாது, சாயக் கூடாது. ஒருத்தர் மாத்தி ஒருத்தர்."

"புண்ணு வரலையா அவருக்கு?" என்று கேட்டாள் அவள்.

கைடு அவளை ஒரு மாதிரி பார்த்தார். "அதெல்லாம் சரித்திரத்துல எழுதல மேடம்."

கூட்டம் சிரித்தது. கணவன் அசடு வழிந்தான். "வீட்டம்மா நர்ஸுங்க," என்று எல்லோருக்கும் விளக்கம் சொன்னான். கூட்டம் ஆயுதசாலைப் பக்கம் நகர்ந்தது. மகள் வாளைப் பார்க்க முதல் ஆளாக ஓடினாள். "நீங்க போங்க, நான் மெல்ல வரேன்," என்று அவள் நிலைப்படியில் சாய்ந்துகொண்டாள். பாதம் இரண்டும் விண் விண்ணென்று தெறித்தது. ஒரு நிமிடம் கண்ணை மூடினாள்.

முதலில் அந்த வாடைதான் வந்தது.

பழைய கட்டடத்தின் வௌவால் வாடை இல்லை. பூஞ்சை இல்லை. கொஞ்சம் இனிப்பாக, கொஞ்சம் அழுகலாக, துணிக்கு அடியிலிருந்து கிளம்பும் ஈர வாடை. அவளுக்கு அது தூக்கத்திலும் தெரியும். பல நாள் புரட்டிப் போடாத உடம்பின் வாடை.

கண்ணைத் திறந்தாள்.

அறைக்கு நடுவில் பெரிய மரக் கட்டில். அதைச் சுற்றிச் சிவப்புக் கயிறு. கயிற்றுக்கு உள்ளே, தலைமாட்டில், ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். முழங்கால் வரை நீலக் கோட்டு, கழுத்தில் தொங்கும் அட்டை. அரண்மனை ஊழியக்காரி. சற்று முன் எப்படிக் கண்ணில் படாமல் போனாள் என்று அவள் யோசிக்கவில்லை. அவள் பார்வை நேராக அந்தப் பெண்ணின் காலுக்குப் போனது. வீங்கிய கால். நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தது. உடம்பின் கனத்தை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றி மாற்றி நின்றாள். விடிகாலை நாலு மணிக்கு வார்டில் நிற்கிறவர்கள் நிற்பது அப்படித்தான்.

"எவ்வளவு நேரமா நிக்கறீங்கம்மா?"

அந்தப் பெண் உதட்டை நனைத்துக்கொண்டாள். பிளந்து கிடந்த உதடு. "மாத்தி விட ஆள் வரல," என்றாள். காற்று மாதிரி ஒரு குரல்.

அவளுக்குக் கோபம் வந்தது. எல்லா இடத்திலும் இதே கதை. அடுத்த ஷிப்டுக்கு வர வேண்டியவள் வர மாட்டாள், நிற்கிறவள் நின்றுகொண்டே இருக்க வேண்டும். பொறுப்பை வாங்கிக்கொள்ள ஆள் வராமல் நகரக் கூடாது. அது இந்த வேலையின் சட்டம். பத்தொன்பது வருடமாக ஒவ்வொரு ஷிப்டிலும் அவள் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாக்கியம், யோசிக்கும் முன்பே நாக்கில் வந்து நின்றது.

"நீங்க போய்க் கொஞ்சம் உக்காருங்க. நான் பாத்துக்கறேன்."

அந்தப் பெண் அவளையே பார்த்தாள்.

"நெஜமாவா?"

"அட, போங்கம்மா. அஞ்சு நிமிஷந்தானே."

அந்தப் பெண்ணின் முகம் கோணிக்கொண்டு போனது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. கயிற்றைத் தூக்கினாள். இடது கையில் மோதிர விரல் பாதிதான் இருந்தது. குனிந்து வெளியே வந்தாள். தாண்டிப் போகும்போது அந்தக் கை இவள் புறங்கையில் பட்டது. குழாய்த் தண்ணீர் மாதிரி சில்லென்றிருந்தது. நடையில் இறங்கி, வெயில் பொட்டுகள் மேல் நடந்து போனாள்.

காலடிச் சத்தம் கேட்கவில்லை.

இவள் திரும்பினாள். சிவப்புக் கயிறு அவளுக்கு வெளியே இருந்தது. கட்டிலின் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வந்த நினைவு இல்லை.

தூக்கக் கலக்கம் என்று தலையை உதறினாள். இரவு வேலை பார்ப்பவர்களுக்கு இது புதிதில்லை. நடந்த பாதி, நடக்காத பாதி என்று பகல் முழுக்க ஓட்டை விழுந்து கிடக்கும். கயிற்றை நோக்கி ஓர் எட்டு வைத்தாள்.

பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள்.

கட்டிலில் பழைய பட்டுப் போர்வை விரித்திருந்தது. அது ஏறியது. இறங்கியது. கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தது. அவள் கை தானாகக் கடிகாரத்தைத் திருப்பியது. பதினாறு நொடி. மறுபடி ஏறியது. கடைசிக் கட்டத்து மூச்சு. இப்படி மூச்சு விடுகிறவர்கள் இரண்டு நாள் தாங்குவார்கள், அதிகம் போனால் மூன்று.

தலையணையில் குழி விழுந்திருந்தது. தலை இல்லை.

ஓட வேண்டும் என்று தோன்றியது. அதற்குள் கை போர்வைக்குக் கீழே போய்விட்டது. அது அவள் செய்ததில்லை, கை செய்தது. இப்படி ஒரு வாடை வந்தால் முதுகுக்கு அடியில் கை கொடுத்துப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அந்தக் கைக்குத் தெரியும்.

கை ஒரு கனத்தின் மேல் பட்டது. வெதுவெதுப்பாக, ஈரமாக.

அது அவள் விரல்களின் மேல் மெல்லச் சாய்ந்தது.

அவள் கையை உருவிக்கொண்டு கயிற்றைத் தாண்டக் காலை எடுத்தாள். கட்டிலில் மூச்சு நின்றது. அவள் மூச்சும் நின்றது. நெஞ்சுக்குள் யாரோ கதவைச் சாத்தித் தாழ் போட்டது மாதிரி. இழுத்துப் பார்த்தாள். ஒரு துளிக் காற்றுகூட இறங்கவில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தது. காலைப் பின்னால் வைத்தாள். காற்று வந்தது. இன்னொரு முறை முயன்றாள். இன்னொரு முறை. மூன்றாவது முறை கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

நடையில் சாவிக் கொத்துச் சத்தம். காவலாளி வந்தார். ஐம்பது வயது இருக்கும். காக்கிச் சட்டை, பெரிய தொப்பை.

"மேடம், கயித்துக்கு உள்ள நிக்கக் கூடாது. படிக்கத் தெரியும்ல, போர்டு போட்டிருக்குல்ல? வாங்க வெளிய."

"அண்ணா, உங்க ஊழியக்காரம்மா ஒருத்தங்க இங்க நின்னாங்க. முடியாம நின்னாங்க. உக்காரச் சொல்லிட்டு நான்..."

"இந்த ரூமுக்கு யாரும் கிடையாது."

"நீலக் கோட்டு போட்டிருந்தாங்க."

காவலாளி சாவிக் கொத்தை இறுக்கிப் பிடித்தார். சத்தம் நின்றது.

"நீலத்த மாத்திக் காக்கி குடுத்து பதினோரு வருஷம் ஆச்சும்மா," என்றார். குரல் இறங்கிவிட்டது. "இடது கையில ஒரு விரல்..."

"பாதிதான் இருந்துச்சு."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"கூட்டற அக்கா அது. ஒரு நாள் மத்தியானம் தொடப்பத்தோட உள்ள போச்சு. வெளிய வரல. எவனோடவோ ஓடிட்டான்னு அது புருஷன் ஊரெல்லாம் சொன்னான். நாங்களும் அப்படித்தான் பேசினோம்." வாயைத் துடைத்துக்கொண்டார். "நீங்க அதுகிட்ட என்ன சொன்னீங்க?"

அவள் சொன்னாள்.

"ஐயோ," என்றார் காவலாளி. "இந்த வாசல்ல டூட்டி மாத்தறப்ப நாங்க வாயே திறக்க மாட்டோம்மா. வரவன் கைய நீட்டுவான், போறவன் சாவிய வச்சிட்டுப் போவான். வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கே அப்படித்தான் பழக்கினாங்க. ராஜா காலத்துல இங்க நிக்கறவங்களுக்கு ஒரு முறை இருந்துச்சாம். அடுத்த ஆளு வந்து, 'நீ போ, நான் பாத்துக்கறேன்'னு வாயால சொல்லணும். அதுவரைக்கும் நகரக் கூடாது."

"நகர்ந்தா?"

"தெரியாது. யாரும் அப்படி விட்டுட்டுப் போனதில்லன்னுதான் பேச்சு."

போர்வை ஏறி இறங்கியது. அவர் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அது தெரியவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"அண்ணா," என்றாள். "நீங்க சொல்லுங்களேன்."

அவர் இரண்டடி பின்னால் போனார்.

"எனக்கு ரெண்டு பசங்கம்மா."

அவளால் அவரைக் குறை சொல்ல முடியவில்லை. அவர் கையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சு பத்து. அஞ்சரைக்கு நான் சாத்தியாகணும்." தயங்கினார். "சொல்லாம இருக்க முடியல. இப்பவே நீங்க எனக்குக் கொஞ்சம் மங்கலாத்தான் தெரியறீங்க."

அவள் தன் கையைப் பார்த்தாள். அது கையாகத்தான் இருந்தது. ஆனால் கீழே, தரையில், கட்டிலின் நிழல் மட்டும் கிடந்தது.

இருபது நிமிடம்.

அவள் அழவில்லை. அழுகிற பழக்கம் போய்விட்டது. நின்றபடியே கணக்குப் போட்டாள். தான் இங்கே நின்றுவிட்டால் என்ன ஆகும்? ஓடிப்போய்விட்டாள் என்பார்கள். சரி. சொல்லட்டும். வீட்டில் மாமனார் கிடப்பார். இரண்டு மணிக்கொரு தரம் யாராவது புரட்ட வேண்டும். நாத்தனார் ஒரு வாரத்தில் கொண்டுவந்து விட்டுவிடுவாள். கணவன் வாசலில் நின்று மகளைப் பார்ப்பான். உனக்குத்தான் கை பழக்கம் என்பான்.

பதினொரு வயது.

"அம்மா!"

மகள் நடையில் ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது. "பஸ்ல எல்லாரும் ஏறிட்டாங்க. ஹாரன் அடிக்கறாங்க. அப்பா கத்தறாரு." வாசலில் நின்று அம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள். கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தாள். "நீ ஏன் அங்க போய் நிக்கற? என்ன வாடை இது? தாத்தா ரூம் மாதிரி."

"ஒண்ணுமில்ல சிட்டு. நீ போ. அப்பாவ வரச் சொல்லு."

"உன் முகமே சரியில்லம்மா. களைச்சுப் போயிருக்க." மகள் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். வீட்டில் எத்தனையோ மாலைகளில் பேசும் அதே குரலில், பெரிய மனுஷி மாதிரி, சொல்லத் தொடங்கினாள். "நீ வேணா போய் பஸ்ல உக்காரு. இங்க என்ன வேலைன்னு சொல்லு, நான் பா..."

"வாய மூடு!"

வார்டில்கூட அவள் இப்படிக் கத்தியதில்லை. அறை முழுக்க எதிரொலித்தது. மகள் வெலவெலத்துப் போனாள்.

"ஒரு வார்த்தை பேசக் கூடாது. என் கண் முன்னால நிக்காத. போடி வெளிய! போ!"

சிறுமியின் உதடு பிதுங்கியது. காவலாளி அவள் கையைப் பிடித்து, "வா பாப்பா, அம்மாவுக்கு உடம்பு சரியில்ல," என்று இழுத்துக்கொண்டு போனார். நடையின் கோடி வரைக்கும் அந்த அழுகை கேட்டது. கட்டிலில் போர்வை ஏறியது, இறங்கியது. இருபத்திரண்டு நொடி. ஏறியது.

கொஞ்ச நேரத்தில் சாவிக் கொத்துச் சத்தத்தோடு கணவனின் செருப்புச் சத்தமும். அவன் எப்போதும் தரையைத் தேய்த்துக்கொண்டுதான் நடப்பான்.

"என்ன நாடகம் இது? முப்பது பேர் வண்டியில உக்காந்து என்னைத் திட்டறாங்க. குழந்தைய வேற அழ வச்சிருக்க. வா."

அவள் அவனைப் பார்த்தாள். பதிமூன்று வருடம் கூட வாழ்ந்த முகம். காலரில் வியர்வை. கழுத்தில் காலையில் சவரம் செய்யும்போது விட்டுப்போன நாலு முடி. பாவம், இவனும்தான் வெயிலில் நடந்திருக்கிறான் என்று ஒரு கணம் தோன்றியது. அந்தக் கணம் போனது.

"இங்க ஒருத்தர் நிக்கணுமாம்," என்றாள்.

"எதுக்கு?"

"முடியாத ஒருத்தர் படுத்திருக்கார்."

அவன் கட்டிலைப் பார்த்தான். வெறும் கட்டில். அவளைப் பார்த்தான். வாயைத் திறந்து ஏதோ கேலியாகச் சொல்ல வந்து நிறுத்திக்கொண்டான். கொஞ்சம் பயந்துவிட்டான் என்று தெரிந்தது. பைத்தியம் பிடித்தவளிடம் பேசுவது மாதிரிக் குரலைக் குழைத்தான்.

"சரி சரி. இப்ப என்ன, ஒருத்தர் நிக்கணும், அவ்வளவுதானே?"

தடுக்க நேரம் இருந்தது. ஒரு மூச்சளவு நேரம். கையைத் தூக்கினால் போதும். மகளுக்குக் கத்திய மாதிரி ஒரு கத்து கத்தினால் போதும்.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீ போ," என்றான் கணவன். "நான் பாத்துக்கறேன்."

நெஞ்சுக்குள் தாழ் விழுந்த கதவு திறந்துகொண்டது. அவள் கயிற்றுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். அவன் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் நின்றுவிடுவோம் என்று தெரியும். நடந்தாள். வெயில் பொட்டுகள் சிவந்து, நீண்டு, சுவரில் ஏறியிருந்தன. அவற்றின் மேல் அவள் நிழல் கூடவே வந்தது. மகளிடம் என்ன சொல்வது? போலீஸில் என்ன சொல்வது? அதெல்லாம் பிறகு. கடைசிப் படிக்கட்டில் உட்கார்ந்தாள். அன்று முழுவதும் இப்போதுதான் உட்காருகிறாள்.

இருந்தும், உள்ளே, ஏதோ ஒன்று தேம்பியது. என் புருஷனை அங்கே விட்டுவிட்டேன் என்று அது சொன்னது. ஆமாம் என்று அவள் சொன்னாள்.

பின்னால் செருப்பு தரையில் தேய்ந்தது.

"இங்க உக்காந்துட்டியா? எழுந்திரு, எழுந்திரு."

கணவன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

அவளுக்கு வாய் குழறியது. "நீங்க... எப்படி வந்தீங்க?"

"எப்படி வருவாங்க? நடந்துதான். பேச்சப் பாரு." அவளைத் தாண்டிப் பஸ்ஸை நோக்கிப் போனான்.

காவலாளி நடையிலிருந்து ஓடி வந்தார். தொப்பை குலுங்கியது. முகத்தில் ரத்தம் இல்லை. அவள் பக்கத்தில் வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அவர் நிக்கவே இல்லம்மா," என்று கிசுகிசுத்தார். "நீங்க நகர்ந்ததும், சொன்ன வாய் மூடறதுக்குள்ள, பின்னாலயே கிளம்பிட்டார்."

அவளுக்கு விளங்கிவிட்டது. அவன் அந்த வார்த்தையை ஒரு நாளைக்குப் பத்துத் தரம் சொல்கிறவன். பள்ளிக்கூடக் கூட்டம், ஒழுகுகிற குழாய், அப்பாவின் மருந்து, எதைக் கேட்டாலும் நான் பாத்துக்கறேன். சொன்ன மறுநிமிடம் மறந்துபோகும். அந்த வார்த்தை அவனை ஒரு நாளும் எங்கேயும் கட்டி நிறுத்தியதில்லை. அந்த அறையாலும் முடியவில்லை.

"இப்ப அங்க யாரு நிக்கறா?" என்று கேட்டாள்.

"யாரும் இல்ல."

"கட்டில்?"

காவலாளி நடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "போர்வை தரையில கிடக்கு. கட்டில்லேருந்து வாசல் வரைக்கும் இழுத்த மாதிரி."

பஸ் ஹாரன் அடித்தது.

வண்டி கிளம்பி அரை மணி நேரம் ஆகியும் யாரும் அவர்களிடம் பேசவில்லை. தாமதத்துக்குக் கோபம். மகள் அழுத களைப்பில் அவள் மடியில் தலை வைத்துக் கிடந்தாள். முன் வரிசையில், இரண்டு பேர் உட்காரும் சீட்டில், கணவன் தனியாக. சூரியன் விழுந்துகொண்டிருந்தது. ஜன்னல் கம்பிகளின் நிழல் எல்லோர் மேலும் ஓடியது.

"என்னப்பா வாடை?" என்று பின்னால் ஒருவர் ஜன்னலைத் திறந்தார். "எவனாவது எலிய மிதிச்சிட்டு ஏறிட்டானா?"

கணவன் தோளை அசைத்தான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அசைத்தான். கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்துக்கொண்டான், தூங்கி விழும் யாருடைய தலைக்கோ இடம் கொடுப்பவன் மாதிரி. பக்கத்து சீட்டின் மெத்தை அழுந்திக் கிடந்தது.

"ஏய்," என்றான், திரும்பாமலே. "கொஞ்சம் இங்க வந்து பாரேன்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"தோள் விட்டுப் போகுது. ஒரு நிமிஷம் வந்து உக்காரேன்டி. உனக்குத்தான்..."

மகள் கண்ணைத் திறந்தாள். எழுந்திருக்கப் பார்த்தாள். அவள் அந்தச் சிறிய வாயின் மேல் உள்ளங்கையை மெல்ல வைத்து அழுத்தினாள். தலையை மறுபடி மடியில் இழுத்துக்கொண்டாள். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக, ஒரு கூப்பிடும் குரல் கேட்டும் அவள் எழுந்திருக்கவில்லை.

கணவன் கொஞ்ச நேரம் காத்திருந்தான். பிறகு பக்கவாட்டில் காதைக் கொடுத்து எதையோ கேட்டான்.

"என்னது?" என்றான் மெதுவாக. "தண்ணியா?"

ஓடும் பஸ்ஸில் தடுமாறி எழுந்து, மேல் தட்டிலிருந்த பாட்டிலை எடுத்தான். மூடியைத் திருகினான். ஒரு கையைக் கழுத்துக்கு அண்டக் கொடுப்பது மாதிரி காலி சீட்டுக்கு மேல் வளைத்துப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பாட்டிலைச் சரித்தான்.

தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. சீட்டில் ஒரு சொட்டு விழவில்லை.